செம்மீன் கிள்ளிய கை

நாங்கள் எர்ணாகுளத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிற மட்டாஞ்சேரிக்குக் குடிவந்தபோது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடிந்திருக்கவில்லை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. பஜார் ரோட்டில் ஓர் ஓட்டலில் எனக்குச் சாயா அடிக்கிற வேலை கிடைத்திருந்தது. தென்காசிப் பக்கத்திலிருந்து என்னைப்போல் வந்தவர்கள் அந்தத் தெருக்களில் நிறையப் பேர் இருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு பழைய பண்டகசாலையின் பின்கட்டில், பலகைத் தடுப்பு போட்டுப் பிரித்த ஒற்றை அறை. சுக்கு வாசனையும் சாக்கடை வாசனையும் கலந்து வரும். ஊரில் வயல்காட்டில் வெயிலும் காற்றுமாக வேலை பார்த்து வளர்ந்தவள் என் மனைவி. அந்த அறையில் பகல் முழுக்க அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"இப்படியே சுவரப் பாத்துக்கிட்டு இருந்தா எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்" என்றாள் ஒருநாள். அடுத்த வாரமே பக்கத்து வீட்டுப் பெண்களோடு வேனில் ஏறிச் செம்மீன் கிள்ளப் போய்விட்டாள்.

இறாலை அங்கே செம்மீன் என்பார்கள். அதன் தலையைக் கிள்ளியெடுத்து, ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கறுப்புக் குடலை உருவிப் போட வேண்டும். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு. தோப்பும்படி என்ற இடத்தைத் தாண்டி, தகரக் கூரை போட்ட பெரிய ஷெட்டில், ஈரச் சிமெண்டுத் தரையில் பெண்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். நடுவில் ஐஸோடு சேர்த்துச் செம்மீனைக் கொட்டுவார்கள். உரித்ததைப் போட ஆளுக்கொரு அலுமினியச் சட்டி. சட்டி நிறைந்தால்தான் கூலி. வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் வேலை முழுவதையும் செய்யும். மணிக்கட்டு ஒவ்வொரு செம்மீனுக்கும் ஒருமுறை உள்பக்கமாக மடங்கித் திரும்பும். காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை அதே மடக்கல்தான்.

அவள் வேகமாகக் கிள்ளினாள். ஒருமுறை ஷெட்டுக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோனபோது நான் நின்று பார்த்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. தலை ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம், சதை சட்டிக்குள். மேற்பார்வை பார்க்கிற சேட்டன் புதிதாக வந்த பெண்களிடம், "ஆ பாண்டிப் பெண்ணினெ கண்டு படிக்கு" என்று, அவளைப் பார்த்துப் பழகச் சொல்லிக் காட்டினார். தமிழ்க்காரர்கள் என்பதால் பாண்டி என்று எங்களைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அன்று வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னிடம் அதை இரண்டு தடவை சொன்னாள்.

கூலி ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஷெட்டில் அவள் ஒரு ஆளாக இருந்தாள். மொழி தெரியாமல் வந்து இறங்கிய ஊரில் அவளுக்கென்று கிடைத்த பெயர் அது ஒன்றுதான். பின்னால் எல்லோரும், "வலிக்குன்னா விட்டுற வேண்டியதுதான?" என்று கேட்டபோது எனக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை.

மழைக்காலத்தில்தான் செம்மீன் குவியும். மூன்றாவது மழைக்காலம் என்று நினைக்கிறேன். ஒருநாள் காலையில் தலைசீவிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே போட்டுவிட்டு விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன புள்ள?"

"ஒண்ணுமில்ல. விரல் மரத்துப்போச்சு. எறும்பு ஊருத மாதிரி இருக்கு."

"ஐஸுலயே கெடந்தா மரக்காம என்ன செய்யும்?" என்றேன். நான் சொன்னது அவளுக்கும் சரியாகப் பட்டிருக்க வேண்டும். வெந்நீரில் கையை முக்கி எடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு தூக்கம் கெட்டது. கை எரிகிறது என்று எழுந்து உட்கார்ந்து, தெர்மாமீட்டரை உதறுவதுபோலக் கையை உதறுவாள். உதறினால் சற்று நேரம் அடங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும்தான் மரத்துப்போகும். சுண்டுவிரலுக்கு ஒன்றுமில்லை. "இந்தச் சின்னது மட்டும் நல்லாத்தான் இருக்கு, இதுக்குத்தான் வேலையே கெடையாதே" என்று சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிக்க முடிந்தது.

யார் எதைச் சொன்னாலும் செய்தோம். வைத்தியசாலையில் குழம்பு வாங்கித் தேய்த்தோம். குழம்பு என்றால் அங்கே கெட்டியான மருந்தெண்ணெய். பிடித்துவிடுகிறவர் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துச் சொடுக்கியதில் இரண்டு நாள் கை வீங்கிப்போனது. பக்கத்து வீட்டுப் பெண் எருக்கிலையை வாட்டிக் கட்டினாள். காலையில் எல்லாவற்றையும் கழுவிவிட்டு அவள் வேனுக்கு ஓடினாள். வெளியே காயமில்லை, வீக்கமில்லை. ஷெட்டில் இன்னும் பலருக்கு இதே தொந்தரவு இருந்தது. ஒருவரும் வெளியே சொல்லவில்லை. மெதுவாகக் கிள்ளுகிறவளை மறுநாள் வேனில் ஏற்ற மாட்டார்கள்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு வருஷம் ஓடியிருந்தது. டாக்டர் பொறுமையானவர். "எந்தா ஜோலி?" என்று, என்ன வேலை பார்க்கிறாள் எனக் கேட்டார். சொன்னாள். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழே பார்க்கும்படி மணிக்கட்டை மடக்கி வைத்திருக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்திலேயே அவள் முகம் மாறியது. "தரிப்புண்டோ?" என்று, மரமரப்பு இருக்கிறதா எனக் கேட்டார். அவள் தலையாட்டினாள். மணிக்கட்டின் உள்பக்கத்தைத் தட்டினார். மின்சாரம் பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.

மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான வழி இருக்கிறது, அதன் வழியாகத்தான் விரல்களுக்கு நரம்பு போகிறது, ஓயாமல் மடக்கி மடக்கி அங்கே வீங்கி, நரம்பு நெரிபடுகிறது என்று விளக்கினார். கையை மடக்காமல் நேராக வைக்க வேண்டும். ஐஸில் வைக்கக் கூடாது. அவ்வப்போது வேலையை நிறுத்தி விரல்களை விரித்து மூட வேண்டும். தூங்கும்போது கட்டு போட்டுக்கொள்ள வேண்டும். முக்கியமாக, இந்த வேலையைச் சில மாதம் விட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அவள் பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையாட்டினாள்.

வெளியே வந்து ரோட்டைக் கடக்கும்போது சொன்னாள்: "எல்லாம் சரிதான். கையக் கழத்தி வீட்டுல வச்சிட்டு வேலைக்குப் போகச் சொல்லுதாரு."

ஆனாலும் முயன்றோம். மாவுக்கட்டில் ஒரு பட்டை செய்து துணியால் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். படுக்கும்போது போட்டால் தூக்கம் வந்தது. வேலையிலும் போட்டால் நல்லது என்று ஷெட்டுக்கும் போட்டுக்கொண்டு போனாள். ஈரத்தில் ஊறிக் குழைந்து, இரண்டே நாளில் செம்மீன் நாற்றத்தோடு பிய்ந்துபோனது.

அதன்பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. தரையில் இருக்கிற குவியலுக்குக் குனிவதால்தானே கை அப்படி மடங்குகிறது? ஓட்டலில் கிடந்த காலி சோடாப் பெட்டிகள் இரண்டை வாங்கி, ஆணி அடித்துச் சரிசெய்து கொடுத்தேன். ஒன்றில் உட்கார, ஒன்றின்மேல் செம்மீனை எடுத்து வைத்துக் கிள்ள. முதல் நாள் வந்து, "மணிக்கட்டு நேரா இருக்கு, கழுத்தும் வலிக்கல" என்றாள். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. ஒரு வாரம்போல அது நடந்தது. அதற்குள் பக்கத்தில் இருந்த பெண்கள், எங்களுக்கும் பெட்டி வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். மேற்பார்வைச் சேட்டன் பெட்டிகளை வெளியே எடுத்துப்போடச் சொல்லிவிட்டார். நடக்க இடைஞ்சலாம்.

"அவரு நல்ல மாதிரியாத்தான் சொன்னாரு" என்றாள். "இதெந்தா மோளே, சாயாக்கடை போட்டிருக்கியான்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன்."

பெட்டிகளை அவளே சுமந்து வந்திருந்தாள். அந்தக் கையோடு.

அடுத்த தடவை போனபோது டாக்டர் மணிக்கட்டில் ஓர் ஊசி போட்டார். ஊசி போட்ட அன்று துடித்துப்போனாள். ஆனால் ஒரு வாரத்தில் வலி போய்விட்டது. மரமரப்பும் போய்விட்டது. அந்தச் சில மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. குணமாகிவிட்டது என்று நாங்கள் முழுசாக நம்பினோம். கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தோம். ஊசி வேலை செய்கிற காலத்தில் கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். வலி இல்லாதபோது ஓய்வு எதற்கு? அது மழைக்காலம் வேறு. இழந்த வேகத்தையெல்லாம் திரும்பப் பிடிப்பவள்போல் கிள்ளினாள். மழை முடிவதற்குள் வலி திரும்பி வந்தது. முன்பு விட்டுவிட்டு வந்தது, இப்போது விடாமல் இருந்தது. இன்னொரு ஊசிக்கு அவ்வளவாகக் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் அவள் உண்டானாள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கைகால் வீங்குமல்லவா, உள்ளே அந்த வழி இன்னும் குறுகிவிட்டது. ஷெட்டுக்குப் போவது அதோடு நின்றது. ஆனால் வேலை நின்ற பிறகும் கை திரும்பவில்லை. இடது கையிலும் மரமரப்பு தொடங்கியிருந்தது, வலது கைக்குப் பதிலாக எல்லாவற்றையும் அதுதானே செய்தது.

பேறுகாலம் பார்க்க ஊரிலிருந்து என் அக்கா வந்தாள். பையன் பிறந்தான். தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாமல், துணியைப் பிழிய முடியாமல், தேங்காய் துருவ முடியாமல் இவள் நிற்பதை அக்கா சில நாள் பார்த்தாள். பிறகு என்னிடம், இவளுக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்:

"அப்படி என்னடே நோக்காடு? கையி பாக்க நல்லாத்தான இருக்கு? நாங்கெல்லாம் பிள்ளையப் பெத்துட்டு நாத்து நடப் போகலியா?"

நான், "டாக்டரே சொல்லியிருக்காரு, அக்கா" என்றேன். அக்கா உதட்டைப் பிதுக்கினாள். இவள் அடுப்படிக்குப் போய் ஈயப்பானையைத் தூக்கினாள். பானை கவிழ்ந்து வடிகஞ்சி காலில் கொட்டியது. கொப்புளம் வந்த பிறகு அக்கா அழுதுகொண்டே மருந்து போட்டாள். காலில் வந்த கொப்புளத்தைக் கண்ணால் பார்க்க முடிந்ததால் அதை எல்லோரும் நம்பினார்கள்.

அக்கா ஊருக்குப் போனபின் ஒருநாள் நடந்தது இது. நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். அவள் பையனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி முடித்துத் தூக்கினாள். எண்ணெயும் சோப்புமாக இருந்த உடம்பு. பையன் அவள் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போவதை நான் வாசலிலிருந்து பார்த்தேன். அவள் பிடிக்கவில்லை என்று இல்லை, பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. விரல்கள் அவளுக்கு அதைச் சொல்லவில்லை. முட்டுக்காலை இடுக்கி எப்படியோ நிறுத்திவிட்டாள். தலை பக்கத்திலிருந்த தண்ணீர் அண்டாவின் விளிம்பைத் தொட்டுவிட்டு நின்றது. பையன் அழக்கூட இல்லை.

நான் ஓடிப்போய் வாங்கினேன். அவள் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இனி எனக்கிட்டப் பிள்ளையத் தராதீங்க."

"ஒண்ணும் ஆகலியே..."

"தராதீங்கன்னு சொன்னேன். கீழ படுக்கவச்சுப் பால் குடுக்கேன். தூக்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். பாய்விரித்துப் பக்கத்தில் படுத்துப் பால் கொடுத்தாள். அவன் கைநீட்டி அழுதால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள், தூக்க மாட்டாள். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி அவனைத் தூக்கிவைத்துக்கொண்டாள். பையன் நடக்கப் பழகியபோது விழுந்து எழுந்து பக்கத்து வீட்டுக்காரியை நோக்கித்தான் நடந்தான். என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

அவளுக்குத் தலைபின்னிவிடவும், ரவிக்கைக்குக் கொக்கி மாட்டவும் நான் அப்போதுதான் பழகினேன். பெரிய விஷயமில்லை. ஆனால் கொக்கி மாட்டும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். நாள்முழுக்க நானும் ஒரே கையைத் தலைக்குமேல் தூக்கிச் சாயா ஆற்றிக்கொண்டிருந்தவன்தான். என் தோளுக்கு ஒன்றும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. அவளும் கேட்டதில்லை. கேட்காமல் என் கையைப் பார்ப்பாள்.

பையனுக்கு மூன்று வயதாகும்போது ஆப்பரேஷன் செய்தார்கள். அதற்குள் வலது கட்டைவிரலின் அடியில் இருக்கிற மேட்டுச்சதை வற்றிக் குழியாகிவிட்டது. முன்பே வந்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டர் சொன்னார். மணிக்கட்டில் கீறி, நெரித்துக்கொண்டிருந்ததை விடுவித்தார்கள். எரிச்சல் நின்றது, தூக்கம் வந்தது. அது பெரிய காரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சதை திரும்ப வரவில்லை. பிடி திரும்பவில்லை. ரப்பர்ப் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். மாதக்கணக்காக அழுத்தினாள். பந்து கொஞ்சமும் குழியவில்லை. ஒருநாள் அதைப் பையனிடம் விளையாடக் கொடுத்துவிட்டாள்.

கிள்ளுவதற்கு இல்லாவிட்டாலும் தரம் பிரிக்கவாவது எடுத்துக்கொள்வார்களா என்று கேட்கப் பழைய ஷெட்டுக்குப் போய்வந்தாள். அங்கே எல்லாம் மாறியிருந்தது. தரையில் யாரும் குந்தியிருக்கவில்லை. இடுப்பளவு உயரத்தில் பளபளவென்று மேசைகள், பெண்கள் நின்றுகொண்டு கிள்ளினார்கள். கையுறைகூடச் சிலருக்குக் கொடுத்திருந்தார்கள்.

"வெளிநாட்டுக்காரன் வந்து பாத்தானாம். செம்மீன் தரையில படக் கூடாதுன்னு சொல்லிட்டானாம்" என்றாள். பிறகு, "பரவாயில்ல, இனி வாறவளுக கழுத்தாவது தப்பிக்கும்" என்றாள்.

வேலை கிடைக்கவில்லை. கையை நீட்டச் சொன்னார்களாம். கட்டைவிரல் குழியைப் பார்த்துவிட்டு, "ரெஸ்டு எடு மோளே" என்று அனுப்பிவிட்டார்களாம்.

வேலையில் கை போனவர்களுக்கு ஏதாவது கிடைக்கும் என்று யாரோ சொல்லி, எர்ணாகுளத்தில் ஓர் அலுவலகத்துக்கும் போனோம். நாற்காலியில் இருந்தவர் ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்தார்.

"ஏது மெஷினிலாணு கை பெட்டது?"

"மெஷின் இல்ல சார். செம்மீன் கிள்ளி..." என்றேன்.

"அபகடம் எந்நாணு நடந்நது?"

விபத்து நடந்த நாளைக் கேட்கிறார் என்று நான் அவளுக்குச் சொன்னேன். அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். எந்த நாளைச் சொல்வது? சீப்பைக் கீழே போட்ட நாளையா, அதற்கு முன்னால் எங்களுக்கே தெரியாமல் போன நாட்களையா?

"தினமும்தான் சார்" என்றாள் தமிழில்.

அவர் கெட்ட மனுஷன் இல்லை. விரல் வெட்டுப்பட்டிருந்தால் எழுதலாம், எலும்பு முறிந்திருந்தால் எழுதலாம், இதை எந்த இடத்தில் எழுதுவது என்று கேட்டார். அவள் அங்கே வேலை பார்த்தாள் என்பதற்கும் எங்களிடம் அத்தாட்சி எதுவும் இல்லை. வேனில் ஏறிப் போனாள், வந்தாள், அவ்வளவுதான். திரும்பிப் படகில் வரும்போது அவள் கையை முந்தானைக்குள் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அதற்குப் பிறகு வெளியே போனால் எப்போதும் அப்படித்தான் வைத்துக்கொண்டாள்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் பள்ளுருத்திக்கு வீடு மாறினோம். பையன் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தான், அம்மாவிடம் மலையாளத்திலேயே பேசினான். அவளுக்கு உரக்கச் சிரிக்கிற பழக்கமெல்லாம் போய்விட்டிருந்தது. காலை எழுந்து இடது கையால் சாமான்களை நகர்த்தி நகர்த்தி ஏதோ சமைப்பாள். அரிவாள்மணை முன்னால் நான்தான் உட்காருவேன். கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிய கரண்டி, இரண்டு கைப்பிடி வைத்த டம்ளர் என்று நான் சில சாமான்கள் செய்து கொடுத்தேன். நன்றாகவே உதவின. ஆனால் அவற்றைப் பார்த்தால் அவளுக்குப் பிடிக்காது. யாராவது வந்தால் அடுப்புக்குப் பின்னால் தள்ளிவிடுவாள். என்னிடம் அவள் கோபித்ததே இல்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைத்த நாட்கள் உண்டு.

அங்கே பக்கத்தில் சங்கரன்கோவில் பக்கத்துக் குடும்பம் ஒன்று குடிவந்தது. அவன் கட்டட வேலை செய்கிறவன். அவன் மனைவிக்கு இருபத்தைந்து வயதிருக்கும், துடியான பெண். செம்மீன் கிள்ளப் போகலாம் என்று இருப்பதாகச் சொன்னாள். நான் அப்போது வீட்டில்தான் இருந்தேன். என் மனைவி அவளை உட்காரவைத்தாள். பல வருஷமாக இவ்வளவு பேச்சு அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

"மணிக்கட்ட மடக்காத, நேரா வச்சுப் பழகு. ஒரே கையில கிள்ளாத, மாத்தி மாத்திக் கிள்ளு. வேகமா கிள்ளுதன்னு எவனாவது பாராட்டுனா அத மண்டையில ஏத்தாத. கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா விரல விரிச்சு மூடு. கை மரத்துப்போச்சுன்னா மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போ, எண்ணெ தேச்சுக்கிட்டு இருக்காத. ஊசி போட்டு வலி நின்னாலும் வேலைக்குப் போகாத. கேட்டியா?"

முந்தானையிலிருந்து வலது கையை எடுத்து, அந்தக் குழியை அவளுக்குக் காட்டினாள். வேறு யாருக்கும் அவள் அதைத் தானாகக் காட்டி நான் பார்த்ததில்லை.

அந்தப் பெண் தொட்டுப் பார்த்தாள். பாவமாக இருந்திருக்க வேண்டும், கண் கலங்கியது. "சரிக்கா" என்றாள். "அப்படியே செய்யுதேன்க்கா."

பிறகு அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"வேன் எந்த முக்குல நிக்கும்க்கா? எத்தன மணிக்கு வரும்?"

என் மனைவி அவளையே பார்த்தாள். கையை மறுபடியும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஆறு மணிக்கெல்லாம் வந்துரும்" என்றாள். "குழாயடிக்கு எதுத்தாப்ல நில்லு. பிந்திப் போனா எடம் கிடைக்காது."